சிரிக்காமல் சிரிக்க வைத்த துப்பறியும் கதைகள்

துப்பறியும் நாவல் என்றவுடன் நம் இல்லங்களில் பெரியவர்களின் நெற்றி சுருங்குவது வழக்கம். கொலை, இரத்தம், கத்தி, அட்டையிலே ஒரு பொருந்தாத படம். இவற்றையா பிள்ளைகளின் கையில் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானதே. எனினும், அப்பெயரைத் தாங்கி வரும் நூல்கள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையாகாது. இங்கிலாந்தில் 1860-களில் தொடங்கி 1940-கள் வரை எழுதப்பட்ட துப்பறியும் கதைகளுள் சிறந்தவற்றை எடுத்துப் பாருங்கள். அவற்றில் இரத்தம் குறைவு, தேநீர் அதிகம். நூலக அறையில் பிணம் கிடந்தாலும் மாலைத் தேநீர் நேரத்துக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த வீட்டாருக்கு அதுவே பெரிய அதிர்ச்சியாகிவிடும்.

குற்றவாளி யார் என்று அறிவதற்காக மட்டும் படிப்பவருக்கு இக்கதைகளை ஒருமுறை படித்தால் போதும். விடை தெரிந்த விடுகதையை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. ஆயினும், நூறாண்டு கடந்த பின்னரும் இந்நூல்கள் மீண்டும் மீண்டும் படிக்கப்படுகின்றன. விடை தெரிந்த பிறகும் அவற்றில் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. அதுதான் நகைச்சுவை.

நகைச்சுவை என்றால் வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பதன்று. சொல்பவர் முகத்தில் ஒரு சலனமும் இராது. குரல் உயராது. மிகச் சாதாரணமான செய்தியைச் சொல்வதுபோல் ஒரு வாக்கியம் வந்து போகும். இரண்டு வரி தள்ளிச் சென்ற பிறகுதான் நமக்குச் சிரிப்பு வரும். முல்லா நஸ்ருத்தீன் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சுவை புதிதன்று. சிரிப்பு பிறக்கும் நான்கு இடங்களைச் சொல்ல வந்த தொல்காப்பியர் முதலாவதாக வைத்தது எள்ளலைத்தான். அந்த எள்ளலை ஓசையின்றிச் செய்து காட்டியவர்கள் இந்த ஆங்கில எழுத்தாளர்கள்.

அவர்கள் யாரை எள்ளினார்கள்? இக்கதைகளை வரிசையாகப் படித்து வந்தால் ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலும் அங்கே சிரிப்புக்கு ஆளாவது தன்னைப் பெரிதாக எண்ணிக் கொள்பவர். உண்மையைக் கண்டுபிடிப்பது உலகம் கணக்கில் சேர்க்க மறந்தவர்.

திப்புவின் களஞ்சியத்திலிருந்து

ஆங்கிலத் துப்பறியும் நாவலின் தொடக்க காலப் பெருநூல் வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்'. 1868-இல் வெளிவந்த அந்நாவல் நமக்கு மிக அருகில் தொடங்குகிறது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு சுல்தான் கொல்லப்பட்ட அன்று, அவருடைய ஆயுதக் களஞ்சியத்திலிருந்து ஒரு வைரத்தை ஆங்கிலேய அதிகாரி ஒருவன் கொலை செய்து கவர்ந்து செல்கிறான். வைரமும் அவனும் கற்பனை. கோட்டை வீழ்ந்ததும் நகரம் சூறையாடப்பட்டதும் வரலாறு. பின்னர் அந்த வைரம் இங்கிலாந்தின் மாளிகை ஒன்றிலிருந்து மீண்டும் களவு போகும்போது, அங்குள்ளோர் முதலில் ஐயப்படுவது வீட்டைச் சுற்றி வந்த மூன்று இந்தியர்களைத்தான். முதல் திருடன் யார் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிட்ட ஆசிரியர், அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் நகர்ந்து விடுகிறார்.

கதையின் பெரும்பகுதியைச் சொல்பவர் அம்மாளிகையின் முதிய காரியஸ்தர் பெட்டரெட்ஜ். எந்தச் சிக்கல் வந்தாலும் 'ராபின்சன் குரூசோ' நூலைப் புரட்டி அதில் வழி தேடுபவர். அப்படிப் புரட்டியே ஆறு பிரதிகளைக் கிழித்துத் தீர்த்தவர். தம் திருமணத்தை அவர் விளக்கும் விதம் தனிச் சுவையுடையது. வீட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்கு வாரந்தோறும் சம்பளமும் சாப்பாடும் கொடுக்க வேண்டியிருந்தது; மணந்து கொண்டால் சாப்பாட்டோடு முடிந்துவிடும் என்று கணக்குப் பார்த்தாராம். சிக்கனமும் சிறிது அன்பும் கலந்த முடிவு என்று அவரே சொல்கிறார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. தாம் எவ்வளவு பெரிய சுயநலக்காரர் என்பதைத் தாமே வாக்குமூலமாக எழுதிக் கொடுப்பது அவருக்குத் தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது.

அடுத்துக் கதை சொல்ல வருபவர் மிஸ் கிளாக் என்னும் அம்மையார். உறவினர் வீட்டில் அறை அறையாகச் சென்று, அவர்கள் கேட்காத மத போதனைத் துண்டு நூல்களை மறைத்து வைத்து விட்டு வருவார். பிறர் ஆன்மாவைப் பற்றிய கவலை அவருக்கு அளவற்றது. தம் சாட்சியத்துக்குக் கிடைக்கும் காசோலையைப் பற்றிய கவலையும் குறைந்ததன்று. எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், பிறருக்கு உபதேசம் செய்யும் பணியில் இருப்பவர்கள் இப்பகுதியைப் படிக்கையில் சற்றே நெளிந்து உட்கார வேண்டியிருக்கும். நானும் அவ்வாறே உட்கார்ந்து படித்தேன்.

'ஏ' என்ற எழுத்தில் எட்டு வாரம்

ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் ஒரு மருத்துவர். 1891-இல் லண்டனில் கண் மருத்துவராகப் பணி தொடங்கினார். ஆலோசனை அறை ஒன்று, காத்திருக்கும் அறை ஒன்று என இரண்டு அறைகள். ஆலோசனை அறையில் தாம் காத்திருந்ததாகவும், காத்திருக்கும் அறையில் யாருமே காத்திருக்கவில்லை என்றும் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். நோயாளி வராத அந்த ஆண்டில்தான் ஹோம்ஸின் சிறுகதைகள் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் வெளிவரத் தொடங்கின.

அவற்றுள் 'தி ரெட் ஹெடட் லீக்' என்ற கதை நகைச்சுவைக்கும் மர்மத்துக்கும் உள்ள உறவைக் காட்டும் நல்ல பாடம். அடகுக் கடைக்காரர் ஜேபஸ் வில்சனுக்குச் செம்பட்டை முடி. செம்பட்டை முடிக்காரர்களுக்கு மட்டும் என்று ஒரு சங்கம் அவருக்கு வேலை தருகிறது. நாள்தோறும் காலை 10 மணி முதல் 2 மணி வரை உட்கார்ந்து, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுத வேண்டும். வாரத்துக்கு 4 பவுன் சம்பளம். எட்டு வாரம் எழுதியும் 'ஏ' எழுத்து முடியவில்லை. விரைவில் 'பி' எழுத்துக்குப் போய்விடலாம் என்று அவர் நம்பியிருந்த வேளையில், சங்கம் கலைக்கப்பட்டது என்று கதவில் ஓர் அட்டை தொங்குகிறது. உனக்கு என்ன நட்டம், முப்பது பவுன் கிடைத்தது, 'ஏ'-யில் தொடங்கும் எல்லாப் பொருள்களையும் பற்றிய அறிவும் கிடைத்ததே என்று ஹோம்ஸ் அமைதியாகக் கேட்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தம் கடைப் பையன் பாதிச் சம்பளத்துக்கே வேலை செய்ய ஒப்புக்கொண்டான் என்று வில்சன் பெருமையாகச் சொல்கிறார். அவருடைய கஞ்சத்தனத்தை எண்ணி நாம் புன்னகைத்துக் கடந்து விடுகிறோம். ஹோம்ஸ் கடக்கவில்லை. திறமையுள்ள ஒருவன் ஏன் பாதிச் சம்பளத்துக்கு வருகிறான் என்று அவர் நிற்கிறார். கதையின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது. சிரிக்கும் கணத்தில் நம் கவனம் தளரும் என்பதை அறிந்தே, முக்கியமான தடயத்தை அந்தச் சிரிப்பின் அடியில் ஆசிரியர் ஒளித்து வைக்கிறார். பின்வந்த எழுத்தாளர்கள் அனைவரும் கையாண்ட நுட்பம் இது.

பாதிரியாரும் பகுத்தறிவும்

ஜி.கே. செஸ்டர்டன் 1910-இல் எழுதத் தொடங்கிய கதைகளில் துப்பறிபவர் ஃபாதர் பிரவுன் என்னும் குள்ளமான பாதிரியார். உருண்டை முகம், குடையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது, கையிலுள்ள பொட்டலங்களைக் கீழே போட்டுக்கொண்டே இருப்பார். நீலக்கல் பதித்த வெள்ளிப் பொருள் தம்மிடம் இருப்பதை ரயிலில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக் கொண்டிருப்பார். அதைக் கேட்டு, பாரிஸ் நகரத்துப் பெரிய காவல் அதிகாரியே அவர்மீது இரக்கப்படுகிறார்.

சமயம் கற்பிப்பவர்களுக்கு உலகம் தெரியாது என்று எண்ணுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. இப்பாத்திரம் பிறந்ததற்கே அந்த எண்ணம்தான் காரணம். ஜான் ஓ'கானர் என்ற பாதிரியாரோடு பேசிய செஸ்டர்டன், மனிதர் செய்யும் தீமைகளைப் பற்றி அவர் அறிந்திருந்த அளவைக் கண்டு திகைத்துப் போயிருந்தார். சிறிது நேரத்தில் அதே பாதிரியாருடன் உரையாடிய கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர், அவர் எழுந்து சென்ற பிறகு, இத்தகையோர் உலகத்துத் தீமையை அறியாமல் ஒதுங்கி வாழ்பவர்கள் என்று பரிதாபப்பட்டனராம். அந்த நகைமுரணிலிருந்து தோன்றியவரே ஃபாதர் பிரவுன்.

முதல் கதையிலே, பாதிரியார் உடையில் வந்த பெருந்திருடனை அவர் அடையாளம் கண்டுகொள்கிறார். எவ்வாறு என்று கேட்கும் திருடனுக்கு அவர் சொல்லும் காரணங்களுள் ஒன்று: பேச்சின் நடுவே நீ பகுத்தறிவைப் பழித்தாய், சமயம் கற்றவன் அதைச் செய்யமாட்டான். இதை ஒரு சொற்பொழிவாக்கியிருக்கலாம். செஸ்டர்டன் அதைப் போகிற போக்கில் ஒரு வரியாக முடித்துவிட்டார்.

எண்ணிக்கையில் விடுபட்ட அம்மையார்

1914-இல் ஜெர்மனி பெல்ஜியத்தின்மீது படையெடுத்தது. சுமார் 2,50,000 பெல்ஜிய மக்கள் இங்கிலாந்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் சிலர் டார்க்கி என்ற கடற்கரை ஊருக்கும் வந்தனர். அவ்வூரில் போர்க்கால மருத்துவமனையில் தாதியாகவும், பின்னர் மருந்தகத்திலும் பணியாற்றிய இளம்பெண் அகதா கிறிஸ்டி. மருந்தகத்தில் நஞ்சுகளைப் பற்றிக் கற்றார். அகதிகளைப் பார்த்துத் தம் துப்பறிவாளருக்கு உருவம் கொடுத்தார். எர்க்யூல் புவாரோ இவ்வாறு பிறந்தார். அவர் தோன்றிய முதல் நாவல் 1920-இல் வெளிவந்தது.

புவாரோ குள்ளர், முட்டை வடிவத் தலை, மெழுகிட்டு முறுக்கிய மீசை. துப்பாக்கிக் குண்டு பட்டாலும் பொறுத்துக் கொள்வார், உடையில் தூசு பட்டால் தாங்கமாட்டார் என்பது அவருடைய நண்பரின் மதிப்பீடு. ஆங்கிலேயர்கள் அவரைக் கண்டு உள்ளூர நகைக்கிறார்கள். தாம் சரியான ஆங்கிலம் பேசக் கூடியவரே என்றும், கொச்சையாகப் பேசினால் பிறர் இகழ்வார்கள், இகழ்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க மாட்டார்கள் என்றும் 'த்ரீ ஆக்ட் டிராஜடி' நாவலில் புவாரோ விளக்குகிறார். அயல்நாட்டில் மொழிக்காகவும் உடைக்காகவும் ஏளனப்பட்டவர்கள் உலகெங்கும் உண்டு. அந்த ஏளனத்தையே கருவியாக்கிக் கொண்ட அகதி புவாரோ.

கிறிஸ்டியின் மற்றொரு படைப்பு மிஸ் மார்ப்பிள். 1927-இல் வெளிவந்த முதல் கதையில், ஓய்வு பெற்ற காவல்துறை உயர் அதிகாரி, வழக்கறிஞர், சமயகுரு, எழுத்தாளர், ஓவியர் ஆகியோர் ஓர் அறையில் கூடியிருக்கிறார்கள். விடை காணப்படாத மர்மங்களை ஆளுக்கொன்றாகச் சொல்வது என்று முடிவாகிறது. ஓவியப் பெண் தலைகளை எண்ணுகிறார்: ஐந்து பேர். ஆறாவதாக ஒருவர் இருந்தால் நன்றாக இருக்குமே என்கிறார். என்னை மறந்துவிட்டீர்களே என்று, பின்னல் ஊசிகளோடு மூலையிலிருந்து ஒரு குரல் வருகிறது. அந்த வீடே அந்த அம்மையாருடையது!

மர்மத்துக்கு விடை சொன்னவர் யார் என்பதைக் கூற வேண்டியதில்லை. கிராமத்துப் பெண்மணி ஒருவர் வாங்கிய இறால் காணாமற்போன கதையை மிஸ் மார்ப்பிள் சொல்லத் தொடங்கும்போது, அறிஞர்கள் பொறுமையிழக்கிறார்கள். ஆனால், மனித இயல்பு இறால் விஷயத்திலும் கொலை விஷயத்திலும் ஒன்றுதான் என்பது அவருடைய அனுபவம். தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை வாசற்படியில் அமர்ந்தபடியே அறிந்துவிடும் பாட்டிமார்கள் வாழும் வீடுகளில், இந்த அம்மையாரைத் தனியே அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இதற்குப் பின்னணியில் ஒரு துயரம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டன் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. 1921-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் அதிகமாக இருந்தனர். மணவாழ்க்கை அமையாத இப்பெண்களை 'மிகுதிப் பெண்கள்' என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. கடையில் விற்காமல் தேங்கிய சரக்கைக் குறிப்பிடுவது போன்ற சொல் அது.

அச்சொல்லுக்கு டாரத்தி சேயர்ஸ் கூறிய மறுமொழிதான் மிஸ் கிளிம்ப்சன். 1920-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் முதன்முதலாகப் பெண்களுக்குப் பட்டம் வழங்கியபோது பெற்றவர்களுள் ஒருவர் சேயர்ஸ். 1927-இல் வந்த 'அன்னேச்சுரல் டெத்' நாவலில் அவருடைய துப்பறிவாளர் லார்டு பீட்டர், மணமாகாத நடுத்தர வயதுப் பெண்மணியான மிஸ் கிளிம்ப்சனைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார். கனத்த காலணியோடு காவலர் சென்று கேள்வி கேட்டால் ஊரே வாயை மூடிக்கொள்ளும். பின்னல் ஊசிகளோடு ஓர் அம்மையார் கேட்டால் எவரும் ஐயப்படமாட்டார். அவர் எழுதும் கடிதங்களில் இரண்டு சொல்லுக்கு ஒரு சொல் அடிக்கோடிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அடுத்த நாவலொன்றில், அவரே நீதிமன்ற ஜூரியில் ஒருவராக அமர்கிறார். பெரும்பாலோர் குற்றவாளி என்று முடிவு கட்டிய பெண்ணை, மனம் ஒப்பாமல் அசையாது நின்று தூக்குக் கயிற்றிலிருந்து காக்கத் தொடங்குபவர் அவர்தான். அங்கே சிரிப்பு நின்று மரியாதை பிறக்கிறது.

தம்மையே எள்ளியவர்கள்

இந்த எழுத்தாளர்கள் தங்களையும் விட்டு வைக்கவில்லை. கிறிஸ்டியின் கதைகளில் வரும் அரியாட்னி ஆலிவர் ஒரு துப்பறியும் நாவலாசிரியை. பின்லாந்து நாட்டைப் பற்றி ஒன்றும் அறியாமலே தம் துப்பறிவாளரைப் பின்லாந்துக்காரராகப் படைத்துவிட்டு, ஒவ்வொரு நாவலிலும் அதற்காக வருந்துபவர். பெல்ஜியரைப் படைத்த கிறிஸ்டி தம்மைத்தாமே பார்த்துக் கொண்ட கண்ணாடி அது.

1930-இல் லண்டனில் இவ்வெழுத்தாளர்கள் 'டிடெக்‌ஷன் கிளப்' என்ற சங்கத்தைத் தொடங்கினர். செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். புதிய உறுப்பினர் மண்டையோட்டின்மீது கை வைத்து, மந்திரம், மாயம், தற்செயல் ஆகியவற்றால் மர்மத்தைத் தீர்ப்பதில்லை என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். பெரிய மனிதர்கள் கூடிச் செய்த இந்தச் சடங்கில் பாதி விளையாட்டு. மீதிப் பாதி வாசகரை ஏமாற்றக் கூடாது என்னும் நேர்மை.

அச்சங்கம் அமையக் காரணமாயிருந்த அந்தோணி பெர்க்லி, 1929-இல் 'தி பாய்ஸண்ட் சாக்லெட்ஸ் கேஸ்' நாவலை எழுதினார். ஆறு பேர் ஒரே கொலைக்கு ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். ஒவ்வொரு விடையும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது. அடுத்தவர் எழுந்ததும் சரிந்து விழுகிறது. கடைசியாகப் பேச எழுபவர், யாரும் பொருட்படுத்தாத, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டபடியே பேசும் சிட்டர்விக். இங்கும் அதே நியதி!

சிரிப்பு கீழ்நோக்கி விழும்போது

குறையைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இந்நூல்களில் எள்ளல் எப்போதும் மேல்நோக்கிச் செல்லவில்லை. வெளிநாட்டார், யூதர், கறுப்பர், வேலைக்காரர் ஆகியோரை வெறும் கேலிப் பொருளாக்கிய பக்கங்களும் உண்டு. சேயர்ஸின் தொடக்க கால நாவல்களில் யூதரைப் பற்றி வரும் வரிகள் இன்று படிக்கக் கூசுகின்றன. கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவல் ஒன்று 1939-இல் பிரிட்டனில் வெளிவந்தபோது, கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல் அதன் தலைப்பிலேயே இருந்தது. அமெரிக்கப் பதிப்பில் 1940-இலேயே அது மாற்றப்பட்டது. பிரிட்டனில் 1980-களில்தான் அகன்றது.

பிள்ளைகளிடம் இப்பக்கங்களை மறைக்க வேண்டியதில்லை. இந்தச் சிரிப்பு யார்மீது விழுகிறது என்று கேட்கக் கற்றுக் கொடுத்தால் போதும். உபதேசம் செய்யும் மிஸ் கிளாக்கைப் பார்த்துச் சிரிக்கும்போது வாசகர் தம்மைச் சற்றே திருத்திக் கொள்ளக் கூடும். அகதியின் நிறத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது அவர் எதையும் கற்பதில்லை. இந்த வேறுபாட்டை ஒரே எழுத்தாளரின் இரண்டு பக்கங்களில் காண முடிவது இந்நூல்கள் தரும் பயன்களுள் ஒன்று.

எங்கே தொடங்கலாம்?

மறக்கப்பட்ட இத்தகைய நாவல்களை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம் 2012 முதல் மறுபதிப்புச் செய்து வந்தது. 1937-இல் ஜெஃபர்சன் ஃபார்ஜன் எழுதி மறக்கப்பட்டிருந்த 'மிஸ்டரி இன் ஒயிட்' 2014-இல் மறுபதிப்பாகி, அங்கே எதிர்பாராத அளவில் விற்பனையானது. பனியில் சிக்கிய ரயிலிலிருந்து இறங்கியவர்கள் ஒரு வீட்டை அடைகிறார்கள். அடுப்பு எரிகிறது, தேநீர் தயாராக இருக்கிறது, வீட்டில் ஒருவரும் இல்லை. மீண்டும் தேநீர்தான்!

திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் இக்கதைகளைப் பார்த்தவர்கள் பலர். அங்கே கொலையும் விடையும் கிடைக்கும். கதை சொல்பவரின் குரல் கிடைப்பதில்லை. நகைச்சுவை அந்தக் குரலில், அந்த வாக்கியத்தின் வளைவில் இருக்கிறது. சொல் ஒன்று சொல்ல, பொருள் மற்றொன்றாக இருப்பதைப் பிடிக்கக் கற்ற மாணவர், ஆங்கிலத்தை இலக்கண நூலுக்கு அப்பால் கற்கத் தொடங்கிவிட்டார் எனலாம்.

பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் 'தி ரெட் ஹெடட் லீக்' கதையில் தொடங்கலாம். அடுத்து ஃபாதர் பிரவுனின் முதல் கதை 'தி புளூ கிராஸ்'. இவை இரண்டும், 'தி மூன்ஸ்டோன்' நாவலும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கல்லூரி செல்பவர்கள் மிஸ் மார்ப்பிள் கதைகளையும் பின்னர் சேயர்ஸையும் எடுத்துக் கொள்ளலாம். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது இன்னும் நல்லது. அப்படிப் படிக்கும்போது மூலையில் அமர்ந்து கேட்டுக் கொண்டிருக்கும் பாட்டியிடமும், குற்றவாளி யாராக இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கடைசி அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமற் போகலாம்.